பக்கத்து வீட்டுத் தேன்பெட்டி: அகற்றச் சொல்வதற்கு முன்பு

கேள்வி இதுதான். பக்கத்து வீட்டுக்காரர் பொதுமதிலை ஒட்டி நான்கு தேன்பெட்டிகள் வைத்திருக்கிறார். ஒரு வருடமாகக் கொடியில் காயும் துணியெல்லாம் மஞ்சள் புள்ளி. நாய்க்கு வைக்கும் தண்ணீரில் தேனீ மொய்க்கிறது. போன வாரம் மகளுக்குப் புருவத்துக்கு மேலே கொட்டிவிட்டது. போய்க் கேட்டால், "நீங்க சும்மா இருந்தா அதுவும் சும்மா இருக்கும்" என்கிறார். சட்டப்படி அகற்றச் சொல்ல முடியுமா?

முடியலாம். ஆனால் அதைக் கடைசியாக வைத்துக்கொள்ளுங்கள். நான் 15 வருடமாகப் பெட்டி வைத்திருப்பவன். அதனால் அவர் கட்சிக்காரன் என்று நினைத்துவிட வேண்டாம். என் பெட்டிகளால் அடுத்த வீட்டு அக்காவோடு ஆறு மாதம் பேச்சில்லாமல் இருந்திருக்கிறேன், தப்பு முழுக்க என் பக்கம். அந்தக் கதையை அப்புறம் சொல்கிறேன். இப்போதைக்கு அதில் கற்றுக்கொண்டது ஒன்று: இந்த மாதிரிச் சண்டைகளில் முக்கால்வாசி, பெட்டியின் வாய் எந்தப் பக்கம் பார்க்கிறது என்பதில்தான் தொடங்குகிறது.

தேனீ பெட்டியை விட்டுப் புறப்படும்போது வாய்க்கு நேராகச் சாய்வாக மேலேறும். முன்னால் தடை ஏதும் இல்லையென்றால் முதல் சில மீட்டர்கள் ஆள் உயரத்தில்தான் பறக்கும். நல்ல பருவத்தில் ஒரு பெட்டியில் 20,000 முதல் 60,000 தேனீக்கள் வரை இருக்கும். அதில் வெளியே போய் வருகிற பங்கு மட்டும் ஆயிரக்கணக்கில். நான்கு பெட்டியின் வாயும் உங்கள் பக்கம் திரும்பியிருந்தால், உங்கள் தோட்டத்துக்குக் குறுக்கே ஒரு நெடுஞ்சாலை போட்ட மாதிரி. அந்தச் சாலையில் நடப்பவர் தலையில் மோதும், முடியில் சிக்கும். முடியில் சிக்கிய தேனீ பயத்தில் கொட்டும். உங்கள் மகளுக்கு நடந்தது இதுவாக இருக்க நிறைய வாய்ப்பு உண்டு. "சும்மா இருந்தால் சும்மா இருக்கும்" என்பது பூவில் உட்கார்ந்திருக்கும் தேனீயைப் பொறுத்தவரை உண்மை. பறக்கும் பாதையில் நிற்பவருக்கு அது பொருந்தாது. இதை அவரே நன்றாக அறிந்திருப்பார்.

துணியில் விழும் மஞ்சள் புள்ளியும் இதே சாலைக் கதைதான். தேனீ கூட்டுக்குள் மலம் கழிக்காது. அடக்கி வைத்திருந்து, வெளியே பறந்த கொஞ்ச தூரத்தில் கழிக்கும். கடுகை அரைத்துத் தெளித்தது போல, வால் வைத்த சின்னச் சின்னப் புள்ளிகளாக இருக்கும். அதில் செரிக்காத மகரந்தத் தோல் இருப்பதால் கறை சுலபத்தில் போகாது. இரண்டு மூன்று நாள் அடைமழை விட்டு வெயில் அடிக்கும் முதல் நாளில் பாருங்கள், எல்லாம் ஒரே நேரத்தில் கிளம்பும். அன்றைக்கு அந்தப் பக்கம் வெள்ளைத் துணி போடாமல் இருப்பது உத்தமம். (தேனீ வளர்ப்பவர்கள் இதை "மகரந்தம்தான்" என்று சொல்லிச் சமாளிப்பது வழக்கம். நானும் சொல்லியிருக்கிறேன்.)

ஆகவே முதல் கோரிக்கை "பெட்டியை எடுங்கள்" என்று இருக்க வேண்டாம். "வாயைத் திருப்புங்கள், மதில் பக்கம் ஒரு மறைப்பு கட்டுங்கள்" என்று இருக்கட்டும். பெட்டிக்கு ஒன்றரை மீட்டர் முன்னால் இரண்டு மீட்டர் உயரத்துக்கு நிழல்வலையோ அடர்ந்த செடிவேலியோ இருந்தால் தேனீ செங்குத்தாக ஏறி அதைத் தாண்டும். தாண்டிய பிறகு மறுபடி கீழே இறங்கி வராது, அந்த உயரத்திலேயே போய்விடும். செலவு குறைவு, பலன் அதிகம். வலை கட்டிய மறுநாளே வித்தியாசம் தெரியும்.

இரவில் உங்கள் ஜன்னல் விளக்கைச் சுற்றித் தேனீ வருகிறதா? பெட்டியின் வாய் உங்கள் விளக்கைப் பார்த்திருப்பது அதற்குக் காரணமாக இருக்கலாம். அப்படியென்றால் அதே மறைப்பு அதற்கும் உதவும்.

இங்கே ஒரு எச்சரிக்கை. அவர் நல்ல மனதோடு, "சரி, பெட்டிகளைத் தோட்டத்தின் அடுத்த மூலைக்கு மாற்றிவிடுகிறேன்" என்று சொல்லி ஒரே இரவில் 15 மீட்டர் தள்ளி வைத்தார் என்று வையுங்கள். மறுநாள் காலை பெட்டி இருந்த பழைய இடத்தில், அதாவது உங்கள் மதில் ஓரத்தில், ஆயிரக்கணக்கான தேனீ வெறும் காற்றில் வட்டமடிக்கும். வீட்டை அவை அடையாளம் வைத்திருப்பது இடத்தை வைத்து. பெட்டியை வைத்து அல்ல. நீங்கள் "வேண்டுமென்றே செய்கிறான்" என்று நினைப்பீர்கள், அவர் "மாற்றியும் திட்டுகிறார்களே" என்று நினைப்பார். பெட்டியை நகர்த்துவதில் தேனீ வளர்ப்பவர்களிடையே ஒரு பழைய கணக்கு உண்டு: ஒரு மீட்டருக்குள் நகர்த்து, இல்லாவிட்டால் ஐந்து கிலோமீட்டருக்கு அப்பால் கொண்டு போ. ஆகவே நாளுக்கு ஒரு மீட்டர் வீதம் நகர்த்தலாம். அல்லது பெட்டிகளைத் தொலைவில் எங்காவது மூன்று வாரம் வைத்திருந்து, பிறகு புதிய மூலைக்குக் கொண்டுவரலாம். எதுவானாலும் சில வாரம் பொறுக்க வேண்டும். இதை இரண்டு பேரும் முன்கூட்டியே தெரிந்துகொண்டால் பாதிக் கசப்பு வராது.

அடுத்தது தண்ணீர். வெயில் ஏறினால் தேனீ தண்ணீர் கொண்டுவந்து அடைகளின் மேல் தெளித்து, சிறகால் விசிறிக் கூட்டைக் குளிர வைக்கும். பளிங்கு போன்ற தண்ணீரைவிட, வாசனை உள்ள, பாசி படிந்த, கொஞ்சம் உப்புக் கலந்த தண்ணீர் அதற்குப் பிடிக்கும். நாய்ப் பாத்திரம், சொட்டும் குழாய், நீச்சல்குளம் எல்லாம் இப்படித்தான் மாட்டுகின்றன. பெரிய தலைவலி என்னவென்றால், ஓரிடத்தில் தண்ணீர் எடுத்துப் பழகிய தேனீ இலேசில் இடம் மாற்றாது. பக்கத்திலேயே புதுத் தொட்டி வைத்தாலும் திரும்பிப் பார்க்காது. அதனால் இதில் இரண்டு வீடும் சேர்ந்து ஒரே நேரத்தில் வேலை செய்ய வேண்டும். அவர் தன் எல்லைக்குள், பெட்டியிலிருந்து சில மீட்டர் தள்ளி, அகலமான தட்டில் கூழாங்கல் போட்டுத் தண்ணீர் வைக்க வேண்டும், கல் இல்லாவிட்டால் மூழ்கிச் சாகும். அது ஒரு நாள்கூட வற்றக் கூடாது. நீங்கள் அதே வாரத்தில் நாய்ப் பாத்திரத்தை வீட்டுக்குள் எடுத்துவிட வேண்டும், ஒழுகும் குழாயை அடைக்க வேண்டும். பத்துப் பதினைந்து நாளில் பழக்கம் மாறும். அவர் மட்டும் செய்தாலும் பலிக்காது, நீங்கள் மட்டும் செய்தாலும் பலிக்காது.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். உங்கள் தோட்டத்துப் பூவில் உட்காரும் தேனீ அவருடையதுதான் என்று நிச்சயமாகச் சொல்ல முடியாது. இரண்டு மூன்று கிலோமீட்டர் போய் வருவது தேனீக்குச் சாதாரணம், தேவைப்பட்டால் இன்னும் தூரம் போகும். அவர் நாளைக்கே நான்கு பெட்டியையும் எடுத்துவிட்டாலும் உங்கள் பூவுக்குத் தேனீ வரத்தான் செய்யும். குறையப் போவது பறக்கும் பாதைத் தொல்லையும் தண்ணீர்ப் பாத்திரத் தொல்லையும்தான். தவிர, சாப்பாட்டு மேசையில் இறைச்சித் துண்டையும் குளிர்பானத்தையும் சுற்றுவது அநேகமாகக் குளவி. தேனீ இறைச்சிக்கு வராது. உடம்பில் ரோமமும் காலில் மகரந்த உருண்டையும் இருந்தால் தேனீ. மழமழவென்று, இடுப்பு ஒடுங்கி இருந்தால் குளவி. கொட்டிய இடத்தில் கொடுக்கு நின்றிருந்தால் அது தேனீ என்று கிட்டத்தட்ட உறுதி. குளவி செய்த குற்றத்துக்குத் தேன்பெட்டிக்காரர் திட்டு வாங்கியதை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

சரி, குணத்துக்கு வருவோம். இதில்தான் நான் உங்கள் பக்கம் நிற்கப் போகிறேன்.

எல்லாக் கூட்டமும் ஒரே குணம் இல்லை. சில பெட்டிகளைத் திறந்து அரைமணி நேரம் வேலை செய்தாலும் ஒன்று கொட்டாது. சில பெட்டிகள் பத்தடி தள்ளி நின்றாலே முகத்துக்கு வரும். குணம் பெரும்பாலும் ராணியின் வழி வருவது. சூழ்நிலையும் சேரும்: பூவில் தேன் வற்றிய காலம், மப்பு மந்தாரமான நாள், வேறு கூட்டம் வந்து தேனைக் கொள்ளையடிக்கும் நேரம், பக்கத்தில் புல்வெட்டும் இயந்திரத்தின் அதிர்வு. ஒரு தேனீ கொட்டியதும் கொடுக்கிலிருந்து ஓர் அபாய வாசனை கிளம்பும், நன்றாகப் பழுத்த வாழைப்பழ வாசனை போல இருக்கும். அந்த வாசனை பட்ட இடத்தைத் தேடி மற்றவையும் வரும். பெட்டியைத் திறக்கும்போது புகை போடுவது ஏன் என்றால், அந்த வாசனை பரவாமல் மறைக்கத்தான். புகை சரியாகப் போடாமல், அவசர அவசரமாகத் திறந்து, தேனைத் தரையில் சிந்தி விட்டுப் போனால் அந்தக் கூட்டம் பல மணி நேரம் சூடாகவே இருக்கும். ஞாயிறு காலை அவர் தேன் எடுத்துவிட்டுக் குளிக்கப் போய்விடுவார், மதிலுக்கு இந்தப் பக்கம் துணி எடுக்க வந்த உங்களுக்குக் கொட்டு விழும்.

கொட்டு வாங்கிய நாட்களையும் அவர் பெட்டி திறந்த நாட்களையும் ஒரு மாதம் குறித்துப் பாருங்கள். இரண்டும் ஒத்துப் போனால் தீர்வு சுலபம்: திறக்கப் போகும் நாளை முந்தைய நாளே உங்களுக்குச் சொல்ல வேண்டும், உங்கள் வீட்டில் விருந்தாளி இருக்கும் நாளில் திறக்கக் கூடாது. திறக்காத நாளிலும் 20 மீட்டர் துரத்தி வந்து கொட்டுகிறது என்றால் அது கெட்ட குணமுள்ள கூட்டம். ராணியை மாற்றச் சொல்லுங்கள். இது ஒன்றும் பெரிய கோரிக்கையில்லை, தேனீ வளர்க்கும் எல்லாருக்கும் தெரிந்த வேலை. புது ராணி முட்டையிடத் தொடங்கி, பழைய ராணியின் பிள்ளைகள் ஆயுள் முடிந்து போக ஒன்றரை இரண்டு மாதம் ஆகும். பருவகாலத்தில் வேலைக்காரத் தேனீயின் ஆயுளே ஆறு வாரம்தான். அதன் பிறகு அதே பெட்டியில் வேறு குணம். அதுவும் மாட்டேன் என்கிறவருக்கு வக்காலத்து வாங்க நான் வரமாட்டேன்.

மகள் விஷயம். கொடுக்கு நின்றால் எதைக் கொண்டு எடுப்பது என்று யோசிக்க வேண்டாம். நகத்தாலோ விரலாலோ உடனே எடுங்கள். கொடுக்கோடு ஒட்டியிருக்கும் விஷப்பை தானாகவே விஷத்தை உள்ளே இறக்கிக்கொண்டிருக்கும், அதனால் வேகம்தான் முக்கியம். கழுவி, குளிர்ச்சியாக ஒத்தடம் கொடுங்கள். புருவத்துக்கு மேல் கொட்டினால் மறுநாள் கண் மூடும் அளவுக்கு வீங்கும், பார்க்கப் பயமாக இருக்கும், ஆனால் கொட்டிய இடத்தைச் சுற்றி மட்டும் வீங்குவது பெரும்பாலும் ஆபத்தில்லை. கொட்டாத இடங்களில் தடிப்பு, உதடு நாக்கு வீக்கம், மூச்சுத் திணறல், வாந்தி, தலைசுற்றல் என்று வந்தால் அது வேறு. உடனே ஆஸ்பத்திரி. அதற்கு மருந்து அட்ரினலின் ஊசி, வீட்டில் இருக்கும் அலர்ஜி மாத்திரையை விழுங்கிவிட்டுக் காத்திருக்கக் கூடாது. வீட்டில் யாருக்காவது இப்படி ஒருமுறை வந்திருந்தால், மருத்துவர் சீட்டோடு பக்கத்து வீட்டுக்காரருக்கு எழுத்தில் தெரிவியுங்கள். அதற்குப் பிறகு வலை, வாய், தண்ணீர் என்று பேரம் பேச ஒன்றுமில்லை, பெட்டிகள் போக வேண்டியதுதான். எழுத்தில் தெரிந்த பிறகும் வைத்திருந்தால் சட்டத்தின் முன் அவர் நிலை ரொம்பப் பலவீனம்.

சட்டம் இடத்துக்கு இடம் மாறும். முதலில் உள்ளாட்சி விதிகளைப் பாருங்கள். பல ஊர்களில் பதிவு, ஒரு மனைக்கு எத்தனை பெட்டி, எல்லையிலிருந்து எத்தனை தூரம், வேலி எத்தனை உயரம் என்று எழுதியே வைத்திருப்பார்கள். அதை மீறியிருந்தால் உங்கள் வேலை சுலபம், அடுக்குமாடி என்றால் சங்க விதிகளையும் சேர்த்துப் பாருங்கள். விதி எதுவும் இல்லாத இடத்தில், "அண்டை வீட்டாருக்குத் தொல்லை" என்ற பொதுவான கோட்பாட்டின் கீழ்தான் போக முடியும். தேனீ வளர்ப்பதே தொல்லை என்று பெரும்பாலான நாடுகளில் எடுத்துக்கொள்வதில்லை. எத்தனை பெட்டி, எங்கே, என்ன குணம், புகார் சொன்ன பிறகு அவர் என்ன செய்தார் என்று பார்ப்பார்கள். கடைசிக் கேள்விதான் முக்கியம். அதனால்தான் மேலே சொன்னவற்றை முதலில், எழுத்தில், நாள் குறிப்பிட்டுக் கேட்கச் சொல்கிறேன். செய்தால் பிரச்சினை தீர்ந்தது. செய்யாவிட்டால் அந்தக் கடிதமே உங்கள் சாட்சி. கொட்டிய தேனீ யாருடையது என்று யாராலும் நிரூபிக்க முடியாது, ஆனால் பெட்டி வாயிலிருந்து உங்கள் கொடி வரை போகும் பறக்கும் பாதையை ஒரு நிமிட வீடியோவில் காட்டலாம்.

இது இன்று நேற்றுச் சண்டை இல்லை. பழங்காலக் கிரேக்க நகரமான ஏதென்ஸில் சோலன் போட்ட சட்டங்களில் ஒன்று, ஒருவர் ஏற்கெனவே வைத்த தேன்கூடுகளிலிருந்து 300 அடி தள்ளித்தான் இன்னொருவர் வைக்கலாம் என்பது. அங்கே சண்டை தேனீ வளர்ப்பவர்களுக்குள்ளேயே! ரோமில் வாதாடப் பழகும் மாணவர்களுக்குக் கொடுத்த கற்பனை வழக்கு ஒன்று இன்னும் சுவை. பணக்காரன், ஏழை, அடுத்தடுத்த தோட்டம். பணக்காரன் தோட்டத்தில் பூ, ஏழையிடம் தேனீ. என் பூக்களை உன் தேனீ பாழாக்குகிறது, எடு என்கிறான் பணக்காரன். ஏழை எடுக்கவில்லை. பணக்காரன் பூவில் விஷம் தெளித்துவிடுகிறான், தேனீ எல்லாம் சாகிறது, வழக்கு. அதில் ஏழையின் பக்கம் வாதாடும் உரை இன்றும் இருக்கிறது.

இந்த விஷப் பேச்சை எதற்கு எடுத்தேன் என்றால், கோபத்தில் நிறையப் பேர் கை வைப்பது பூச்சிமருந்தில்தான். செய்யாதீர்கள். செத்த கூட்டின் தேனை அக்கம்பக்கத்துத் தேனீக்கள் கொள்ளையடித்துத் தங்கள் கூட்டுக்குக் கொண்டு போகும், விஷம் ஊரெல்லாம் பரவும். அதுவரை புகார்தாரராக இருந்த நீங்கள் குற்றவாளி ஆகிவிடுவீர்கள். வாயை அடைப்பது, குழாய்த் தண்ணீர் பீய்ச்சுவது, கல் எறிவது எல்லாம் இதே ரகம்தான். முதல் கொட்டு உங்களுக்கே விழும்.

ஒரு நாள் உங்கள் மரக்கிளையில் பெரிய கொத்தாகத் தேனீ வந்து தொங்கலாம். பார்த்தால் குலை நடுங்கும். உண்மையில் தேனீ ரொம்பச் சாதுவாக இருக்கும் நேரம் அது. கூட்டம் பிரிந்து புது வீடு தேடுகிறது, வயிறு நிறையத் தேன், காக்க வேண்டிய கூடோ குஞ்சோ இல்லை. சில மணி நேரத்தில், மிஞ்சினால் ஓரிரு நாளில் போய்விடும். குழந்தைகளைத் தள்ளி நிறுத்திவிட்டு அவருக்குப் போன் போடுங்கள், பெட்டியோடு ஓடி வருவார். அது யாருக்குச் சொந்தம் என்பதிலும் பழைய சட்டம் உண்டு. 533-இல் ரோமப் பேரரசர் ஜஸ்டினியன் வெளியிட்ட சட்டநூலில், பிரிந்த கூட்டம் கண்ணில் படும் வரை, துரத்திப் பிடிக்கச் சிரமமில்லாத வரை பழைய சொந்தக்காரருடையது, அதன் பிறகு பிடித்தவருடையது. 1900-இல் அமலுக்கு வந்த ஜெர்மன் சிவில் சட்டத்தில், கூட்டத்தைத் துரத்துபவர் அடுத்தவர் நிலத்துக்குள் நுழையலாம், சேதம் செய்தால் ஈடு கட்ட வேண்டும் என்றே தனிப் பிரிவு இருக்கிறது.

என் கதையைச் சொல்கிறேன் என்றேனே. காலை வெயில் முகப்பில் படட்டும் என்று மூன்று பெட்டிகளைக் கிழக்குப் பார்த்து வைத்தேன். கிழக்கே அக்கா வீட்டுத் துணிக்கொடி. முதலில் ஒரு போர்வையை எடுத்து வந்து காட்டினார், மகரந்தம் என்றேன். இரண்டாவது முறை ஒரு பாட்டில் தேன் கொடுத்தேன். புகாருக்கு முன்னால் கொடுத்திருந்தால் அன்பு, அப்புறம் கொடுத்ததால் லஞ்சம் மாதிரி ஆகிவிட்டது. பாட்டில் திறக்காமலே திரும்பி வந்தது. ஆறு மாதம் கழித்து ஒரு காலை பத்து மணிக்கு மதிலுக்கு மேலே தலையை நீட்டி, "தம்பி, பத்து நிமிஷம் இங்க வந்து நில்லுங்க, வேற ஒண்ணும் பேச வேண்டாம்" என்றார். போய்க் கொடிக்குக் கீழே நின்றேன். பத்து நிமிடத்தில் மூன்று தேனீ நெற்றியில் மோதியது, ஒன்று காதுக்குப் பின்னால் முடியில் சிக்கியது. சட்டைத் தோளில் இரண்டு மஞ்சள் புள்ளி. அக்கா ஒன்றும் சொல்லவில்லை, ஒரு ஈரத்துணியை நீட்டினார். அன்று சாயங்காலமே வலை கட்டினேன், பெட்டிகளைத் தினம் கொஞ்சமாகத் திருப்பி ஒரு வாரத்தில் மேற்கே பார்க்க வைத்தேன்.

நீங்களும் உங்கள் பக்கத்து வீட்டுக்காரரை வெயில் நாளில் பத்து மணிவாக்கில் கூப்பிடுங்கள். கொடியில் வெள்ளைத் துணி ஏதாவது கிடக்கட்டும்.